கவ் கிராஸுக்கும் பூச்சட்டிகளுக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை உரம் போட வேண்டும்?

மூலை வீட்டுக்காரன், செத்தாப்பாக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு மூலை வீட்டை வாங்கிக் குடிவந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. பக்கவாட்டில் சுமார் 300 சதுர அடிக்குக் கவ் கிராஸ் புல்தரை இருக்கிறது. வேலியோரமாகத் தரையில் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு செம்பருத்தியும் நிற்கின்றன. சட்டிகளில் மல்லிகை இரண்டு, மிளகாய் ஆறு, காகிதப்பூ ஒன்று வைத்திருக்கிறேன். இதற்கு முன் அடுக்குமாடியில் வாழ்ந்தவன் என்பதால் மண்ணோடு எனக்குப் பழக்கம் குறைவு.

உரம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. செடி வாங்கிய கடைக்காரர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த புல் உரப் பையின் பின்புறத்தில் வசந்தகாலத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை என்று அச்சிட்டிருக்கிறார்கள். செத்தாப்பாக்கில் எந்த மாதத்தை வசந்தம் என்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த வீட்டு அம்மாவோ அரிசி கழுவிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றியதில்லை என்கிறார், ஆனால் அவர் வீட்டு மல்லிகைதான் இந்த வரிசையிலேயே அதிகமாகப் பூக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு மாலை மழை விட்டவுடன், 12-12-17-2 என்ற நீல நிற உரத்தில் இரண்டு கிலோ பை ஒன்றை முழுவதுமாகப் புல்மேல் கையால் வீசினேன். நான்காம் நாள் புல்தரையில் பழுப்புத் திட்டுகள் தோன்றின. சில இடங்களில் விரல்களை விரித்துப் பதித்தது போலவே இருக்கின்றன; என் கை வீசிய வழி அப்படியே தெரிகிறது. கறிவேப்பிலையின் நிலை வேறு. அடி இலைகள் கரும்பச்சையாக இருக்க, நுனியில் புதிதாக வரும் இலைகள் மட்டும் வெளிறி மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. மரத்துக்குப் பசி என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு மாதமாக வாரம் ஒரு கைப்பிடி அதே நீல உரத்தைப் போட்டு வருகிறேன். மாற்றம் ஒன்றும் இல்லை.

புல்லுக்கும் தரையில் உள்ளவற்றுக்கும் சட்டிகளுக்கும் உண்மையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? கோழி எரு போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய தோட்டத்துக்காரர், செந்தூல்

தம்பிக்கு வணக்கம். சிலாங்கூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் வெளிக்காட்டு வேலையை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவன் நான். உரம் போட வைத்தே பாதி வாழ்நாள் போய்விட்டதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கறிவேப்பிலைக்கு நீல உரம் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பையில் உள்ள வசந்தக் கணக்கு குளிர்நாடுகளுக்கானது. அங்கே புல் பனிக்காலத்தில் உறங்கிவிடும், விழிக்கும்போதும் உறங்கப் போகும் முன்பும் ஊட்டுவார்கள். நம் ஊரில் புல் ஆண்டு முழுவதும் வளர்கிறது. அதைவிட முக்கியமானது மழை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) வேர் பிடித்துக்கொள்ளாத பங்கு மண்ணுக்குள் இறங்கியோ சாக்கடைக்கு ஓடியோ போய்விடும். ஆகையால் நாள்கணக்கு பார்ப்பதற்கு முன், அந்தச் செடி எவ்வளவு வேகமாகத் தின்கிறது, அது நிற்கும் மண்ணிலிருந்து மழை எவ்வளவு வேகமாக அடித்துச் செல்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

கவ் கிராஸ் குறைவாகத் தின்னும் புல். ஏழை மண்ணிலும் ஓரளவு நிழலிலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் சாலையோரங்களிலும் அதைப் பதிக்கிறார்கள். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சதுர மீட்டருக்கு 3 கிராம் தழைச்சத்து கிடைத்தால் தாராளம். பையில் உள்ள முதல் எண்தான் தழைச்சத்தின் விழுக்காடு. அடுத்தவை மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), கடைசியில் உள்ள 2 மெக்னீசியம். உங்கள் உரத்தில் தழைச்சத்து 12 விழுக்காடு என்பதால் 3 கிராம் கிடைக்க 25 கிராம் உரம் வேண்டும். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர், ஆக மொத்தம் 700 கிராம் போதும். நீங்கள் வீசியது 2,000 கிராம். ஏறத்தாழ மூன்று மடங்கு. அதுவும் சீராக விழவில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஈரப் புல்லில் வீசியது. உர மணி ஈர இலையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைகிறது. உரம் என்பது ஒருவகை உப்புதான், அது இலையிலிருந்து நீரை உறிஞ்சி அந்த இடத்தைக் கருக்கிவிடும். காலையில் பனி உலர்ந்த பிறகு போட வேண்டும். போட்டவுடன் மணிகள் இலையிலிருந்து இறங்கி மண்ணில் கரையும் அளவுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மழை பாய்ச்சிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் கொட்டுவது தூறல் அல்ல, காலையில் நீங்கள் போட்ட உரம் மாலையில் சாக்கடையில் இருக்கும். அந்த வாரங்களைத் தள்ளிப் போடுங்கள், புல் ஒன்றும் பட்டினியில் செத்துவிடாது.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இவ்வளவு என்று எடைபோட்டுப் பார்த்து, அதற்குச் சரியான டப்பாவை ஆள்களிடம் கொடுத்துவிடுவோம், கையால் அள்ளிப் போட விடமாட்டோம். கெட்டிப்பால் வரும் பால் டின்னில் தலைதட்டி அளந்தால் இந்த உரம் 300 கிராமை ஒட்டி வரும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 700 கிராமை உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீளவாக்கில் நடந்தும் மறு பங்கைக் குறுக்குவாக்கில் நடந்தும் தூவினால் திட்டு விழாது.

செம்பருத்தி போன்ற தரைச் செடிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தண்டை ஒட்டிக் கொட்டாமல், கிளைகளின் நிழல் விழும் விளிம்பில் வட்டமாகத் தூவுங்கள். தின்னும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. கோழி எரு தாராளமாகப் போடலாம். எங்கள் காலத்தில் காய்கறிப் பாத்திக்கு அதைவிட மேலானது எதுவும் இருந்ததில்லை.

நம் செம்மண் இயல்பிலேயே புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 5க்கும் கீழே இருப்பது சாதாரணம் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டங்களில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறை பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாக இறக்கியதற்கும் இந்த மண்தான் காரணம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, சதுர மீட்டருக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பு தூவச் சொல்வேன். ஆனால் சுண்ணாம்பையும் தழைச்சத்து உரத்தையும் சேர்த்துப் போட்டால் சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், இடையில் நான்கு வாரமாவது விடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் இப்போதைக்குச் சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

ஏனென்றால் கறிவேப்பிலை காட்டுவது பசி அல்ல. தழைச்சத்துப் பசி என்றால் முதலில் மஞ்சளாவது அடி இலைகள், ஏனெனில் மரம் அங்கிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுக்கும். மெக்னீசியப் பற்றாக்குறையும் முதிர்ந்த இலைகளில்தான் தெரியும். துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம். இரும்பே உருவான செம்மண்ணில் இரும்பு ஏறவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் மண் புளிப்பு நீங்கிச் சுண்ணாம்பேறி இருக்கிறது என்று பொருள். முன்பு இருந்தவர்கள் வீட்டை இடித்துக் கட்டினார்களா? அந்த வேலியோரத்தில் சிமெண்டுக் குப்பை எதையாவது புதைத்தார்களா? விசாரித்துச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம், ஆயர் ஈத்தாம்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்னவற்றில் கோழி எருவைத் தவிர மற்றவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பச்சைக் கோழி எரு தோட்டத்துப் பாத்திக்குச் சரியாக இருக்கலாம். வரிசை வீட்டில் போட்டால் வேரும் கருகும், ஈயும் மொய்க்கும், அடுத்த வீட்டாரோடு உறவும் கெடும். நன்றாக மக்கவைத்து உருண்டையாக விற்பதை வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்ணோடு கிளறிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

சட்டிச் செடிகளின் கணக்கு தரைக் கணக்கு அல்ல. நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறோம், அடித்துளை வழியாகச் சத்தும் வடிந்துகொண்டே இருக்கிறது, வேருக்குப் போக வேறு இடமும் இல்லை. எனவே சட்டிக்குக் கொஞ்சமாகவும் அடிக்கடியும் கொடுக்க வேண்டும். காய்க்கும் மிளகாய்க்கு நான் பத்து நாளுக்கு ஒருமுறை, உங்களிடம் உள்ள அதே நீல உரத்தில் ஒரு தேக்கரண்டியை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். முதல் நாள் இரவே ஊறவைத்துவிட்டால் காலையில் ஒரு கலக்கு கலக்கினால் போதும். அடியில் கொஞ்சம் மண் போன்ற கசடு தங்கும், அதைச் செம்பருத்தி அடியில் கொட்டிவிடலாம். காய்ந்த சட்டியில் உரநீரை ஊற்றாதீர்கள். முதலில் வெறுந்தண்ணீர், அரைமணி கழித்து உரநீர். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டு கிடக்கும். அந்த நாள்களில் நான் உரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன், ஏனெனில் தண்ணீர் குறைவான சட்டியில் உப்புதான் மிஞ்சும். சட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அதுவே உரம் மிஞ்சிவிட்டதற்கான சீட்டு. குளியலறைக்குக் கொண்டுபோய் அடித்துளையில் தெளிவாக ஓடும் வரை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மூன்று வாரம் உரத்தை மறந்துவிடுங்கள்.

மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, துளிர் தலைகாட்டும்போது உரம் கொடுத்தால் பலன் தெரியும். வெட்டாமல் உரம் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் கொடி நீளும், சரம் கட்டப் பூ தேறாது. காகிதப்பூவோ நேர்மாறு. அதை நன்றாகக் கவனித்தால் இலையாகத் தள்ளும். வெயிலில் வைத்து, தண்ணீரைச் சற்றுக் காயவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உரம் போடுங்கள். கவனிக்காமல் விட்டால் அது பூத்துக் குலுங்கும்.

அடிக்கடி கரைக்க நேரமில்லை என்றால் மேற்பூச்சுள்ள மெதுஉரம் கிடைக்கிறது. அதன் பையில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அப்படியே நம்பவேண்டாம். அந்தக் கணக்கு பெரும்பாலும் 21 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கானது, நம் வீட்டு முற்றத்து வெயிலில் பூச்சின் வழியாகச் சத்து அதைவிட வேகமாகக் கசிந்து, ஆறு மாதத்துக்கு வெகு முன்பே தீர்ந்துபோகும்.

அடுத்த வீட்டு அம்மாவின் மல்லிகை தரையில் நிற்கிறதா சட்டியில் நிற்கிறதா என்று பாருங்கள். தரையில் என்றால் வேர் எங்கோ போய்த் தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்கிறது. அரிசித் தண்ணீரில் சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் பெருமை முழுவதும் அதற்குரியது அல்ல. அரிசித் தண்ணீரை வாளியில் சேர்த்துப் புளிக்கவைக்கும் பழக்கம் இருந்தால் இறுக மூடி வையுங்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் உரத்துக்காகத் திறந்து வைத்த வாளியில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டு, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதச் சீட்டு வந்தது. சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான்.

கெப்போங் வாசி

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். கவ் கிராஸுக்கு நான் நான்கு ஆண்டுகளாக உரமே போடவில்லை. புல் வெட்ட வருபவர் இயந்திரத்தால் மண் தெரியும்வரை வழித்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் புல் மஞ்சளாவதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. இரண்டு அங்குல உயரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய துண்டுகள் குட்டையாக இருந்தால் வாரிக் கட்டிக் குப்பைக்கு அனுப்பாமல் அங்கேயே விட்டுவிடுங்கள், புல் தின்ற தழைச்சத்தில் ஒரு பங்கு மண்ணுக்கே திரும்பும். உரம் போட்டால் புல் வேகமாக வளரும், வெட்டுகிறவருக்கு மாதம் ஒருமுறைக்குப் பதில் இருமுறை வெள்ளி எண்ணிக் கொடுக்க வேண்டிவரும். உரப் பையின் விலையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூலை வீட்டுக்காரன், செத்தாப்பாக்

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா கேட்டதற்காகத் தெருவில் விசாரித்தேன். எனக்கு முன் இருந்தவர்கள் பின்புறச் சமையற்கட்டை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், குப்பையை எங்கே கொட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அடுத்த வீட்டு மல்லிகை தரையில்தான் நிற்கிறது. கருகிய திட்டுகளைத் தோண்டிப் புதுப்புல் பதிக்க வேண்டுமா, அல்லது அவை தாமாக மூடிக்கொள்ளுமா?

பழைய தோட்டத்துக்காரர், செந்தூல்

கோழி எரு விஷயத்தில் ஆயர் ஈத்தாம் அம்மா சொன்னதே சரி. வரிசை வீட்டை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கெப்போங் நண்பர் சொல்வதையும் மறுக்க மாட்டேன், ஆனால் மண்ணை வழித்து வீட்டைக் கட்டிய பிறகு மேல்மண்ணே இல்லாமல் புல் பதித்த இடங்களில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது கொஞ்சம் கொடுத்தால்தான் புல் பிடிக்கும்.

திட்டுகளை இப்போது தோண்ட வேண்டாம். மழையில்லாத நாள்களில் ஒரு வாரத்துக்கு அந்த இடங்களில் மட்டும் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். காய்ந்த புல்லை வாருகோலால் மெல்லக் கோதி எடுங்கள். கவ் கிராஸ் ஓடுதண்டு விட்டுப் படரும் இனம், ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து ஒன்றிரண்டு மாதத்தில் கையகலத் திட்டுகளை மூடிவிடும். அதுவரை புல்லுக்கு உரம் கிடையாது, ஏற்கெனவே போட்டது போதும்.

கறிவேப்பிலையின் அடியில் அரை அடி ஆழத்துக்குக் கிளறி, கிடைக்கும் வெள்ளைக் கட்டி எதன்மேலாவது சமையல் வினிகரைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்போ சிமெண்டுப் பூச்சோதான். அப்படியானால் முடிந்தமட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மக்கிய எருவைப் போட்டு நிரப்ப வேண்டும். இரும்புச்சத்துக் கரைசலை இலைமேல் தெளித்தால் துளிர் பச்சையாகும், ஆனால் கட்டி உள்ளே இருக்கும்வரை அடுத்த துளிரும் வெளிறித்தான் வரும். புளித்த மோர் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். தீங்கில்லை, ஆனால் சிமெண்டை வெல்லும் அளவுக்கு மோர் ஊற்ற மாட்டுக்கொட்டகைதான் வைக்க வேண்டும்.

மூலை வீட்டுக்காரன், செத்தாப்பாக் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

நடந்ததைத் தெரிவிக்கிறேன். திட்டுகளில் பெரும்பாலானவை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகின்றன. விரல் தடங்கள் மறைந்துவிட்டன. மிளகாய்க்கும் மல்லிகைக்கும் உரநீர் முறையைத் தொடங்கிவிட்டேன். புல் வெட்டுபவரிடம் இரண்டு அங்குலம் விடச் சொன்னபோது, அப்படியானால் விரைவில் மறுபடியும் வர வேண்டியிருக்குமே என்றார், வரட்டும் என்றேன்.

கறிவேப்பிலைக்கும் வேலிக்கும் நடுவே மண் கிளறும் முள்கரண்டியால் குத்தியபோது நான்கு அங்குலத்திலேயே டங்கென்று ஒலித்தது. உடைந்த செங்கல், தரையோட்டுத் துண்டுகள், இவற்றின் அடியில் ஒரு சாக்குப்பையின் வடிவத்திலேயே இறுகிப்போன சிமெண்டு மூட்டை ஒன்று. பையின் நூல்தடம்கூட அதன்மேல் பதிந்திருக்கிறது. ஒட்டியிருந்த காரைத் துண்டின்மேல் வினிகரை விட்டதும் சோடா போல நுரைத்தது. துண்டுகளை இரண்டு வாளி பொறுக்கி எடுத்துவிட்டேன். மூட்டையின் மேல் மரத்தின் வேர் ஒன்று வளைந்து போவதால் அதை அறுக்காமல் எடுக்க வழி தெரியவில்லை. சனிக்கிழமை தம்பி உளியோடு வருகிறான், இருந்த இடத்திலேயே உடைத்துத் துண்டு துண்டாக எடுக்கலாம் என்று இருக்கிறோம்.